ஆய்வக அறிக்கை கையில் இருந்தால் சிபிடி எண்ணெய் விற்றுவிடலாமா?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து இணையத்தில் ஒரு சிறு வியாபாரம் தொடங்கப்போகிறோம். சிபிடி எண்ணெய், ஹெம்ப் விதை எண்ணெய், சிபிடி கலந்த வலி நிவாரணக் களிம்பு, இவை மூன்றும்தான் சரக்கு. மொத்த வியாபாரி வெளிநாட்டில் இருக்கிறார். "டிஎச்சி 0.3 சதவீதத்துக்கும் கீழ், உலகம் முழுக்கச் சட்டப்பூர்வமானது" என்று எழுதியே தருகிறார், ஆய்வக அறிக்கையும் தருகிறார். இங்கே விற்பதோடு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் பார்சல் அனுப்பலாம் என்பது நண்பரின் கணக்கு. அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இன்னொரு விஷயம், வேறொரு நாட்டில் இருக்கும் என் அக்கா மூட்டுவலிக்கு இதில் இரண்டு பாட்டில் கொண்டுவரச் சொல்கிறார். பெட்டியில் வைத்து எடுத்துப்போனால் பிரச்சினை வருமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: பெயரோடு சேர்த்து உங்கள் நாட்டையும் எடுத்துவிட்டேன். இதே கேள்வியை வேறு வேறு நாடுகளில் இருந்து கேட்கிறார்கள், எல்லோரையும் குழப்புகிற இடமும் ஒன்றாகத்தான் இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கஞ்சாச் செடியில் போதை தரும் சேர்மம் டிஎச்சி, போதை தராதது சிபிடி, டிஎச்சி மிகக் குறைவாக இருக்கும் வகைச் செடிதான் ஹெம்ப்.

அக்கா கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். எடுத்துப்போகாதீர்கள். அவர் இருக்கும் நாட்டில் அது கடையில் கிடைத்தால் அவரே அங்கே வாங்கிக்கொள்ளட்டும். கிடைக்கவில்லை என்றால், ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும். "ரெண்டு பாட்டில்தானே, சொந்த உபயோகத்துக்குத்தானே" என்பதெல்லாம் சுங்க அதிகாரியிடம் எடுபடாது. கனடாவையே பாருங்கள். 2018 அக்டோபர் 17 முதல் அங்கே வயது வந்தவர்கள் கஞ்சாவையே உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். அதே கனடாவின் எல்லையை, உள்ளே வருவதானாலும் வெளியே போவதானாலும், ஒரு சிபிடி பாட்டிலோடு அரசின் தனி அனுமதி இல்லாமல் தாண்டினால் குற்றம், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தாலும் குற்றம்தான். ஹாங்காங் நேர் எதிர்ப்பக்கம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை சிபிடி கலந்த காபி விற்கும் கடைகூட அங்கே நடந்தது, 2023 பிப்ரவரி 1-ல் சிபிடியையே அபாயகரமான போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இப்போது வைத்திருந்தால் அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும் 10 லட்சம் ஹாங்காங் டாலர் அபராதமும், கடத்தல் என்று வழக்குப் போட்டால் ஆயுள் தண்டனை வரை போகும். சிங்கப்பூரில் இன்னொரு படி மேலே: குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டால்கூட ஊர் திரும்பிய பிறகு வழக்கு வரலாம். அப்புறம், நீங்கள் விமானம் மாறும் நாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பெட்டி அங்கேயும் இறங்கி ஏறுகிறது.

சரி, வியாபாரத்துக்கு வருவோம்.

"உலகம் முழுக்கச் சட்டப்பூர்வமானது" என்று ஒருவர் எழுதித் தருகிறார் என்றால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டுமே கூட்டுச்சேர நல்ல காரணமில்லை. உலக அளவில் பொதுவாக இருப்பது 1961-ல் வந்த ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை. அது செடியின் பூ, காய் வைத்த நுனிகளையும் பிசினையும்தான் கட்டுப்படுத்துகிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அதன் விளக்கத்துக்குள் வராது. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடுவதை அந்த உடன்படிக்கையே விட்டுவிடுகிறது. ஆனால் செடியிலிருந்து எடுக்கும் சாறுகளும் டிங்சர்களும் (ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பவை) அதன் முதல் பட்டியலில் இருக்கின்றன. சிபிடியை எதிலிருந்து எடுக்கிறார்கள்? பெரும்பாலும் பூவிலிருந்து. ஆக, உடன்படிக்கையை எழுத்துக்கு எழுத்து படித்தால் உங்கள் எண்ணெய் போதை தராது என்றாலும் உள்ளே வந்துவிடுகிறது.

இந்த முரண்பாட்டை நேராக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் முயன்றது. சிபிடிக்கு அடிமையாகும் தன்மை தென்படவில்லை என்று அதன் நிபுணர் குழு சொன்னது. முதன்மையாக சிபிடி கொண்ட, டிஎச்சி 0.2 சதவீதத்தைத் தாண்டாத தயாரிப்புகள் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்க்கவும் பரிந்துரைத்தது. 2020 டிசம்பர் 2-ல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தது. கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுக்கும் பரிந்துரை 27-க்கு 25 என்று மயிரிழையில் ஜெயித்தது, அதுதான் செய்தியாக எங்கும் பரவியது. அதே கூட்டத்தில் சிபிடி அடிக்குறிப்புத் தோற்றுப்போனதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. "ஐ.நா.வே விடுவித்துவிட்டது" என்று விற்பனைக் கையேடுகளில் பார்க்கிறீர்களே, அதன் பிறப்பிடம் இந்தப் பாதிச் செய்திதான். சர்வதேசத் தெளிவு கிடைக்காததால் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டது.

அந்த 0.3 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் மொத்த வியாபாரியின் வாக்குறுதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் தெரிந்துவிடும். 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் கஞ்சாச் செடிகளை இரண்டு வகையாகப் பிரிக்க வசதியாக ஓர் எல்லை வைத்தார்கள்: உலர்ந்த இலையில் டிஎச்சி 0.3 சதவீதம். வகைப்படுத்தலுக்காகப் போட்ட கோடுதான் அது, எவ்வளவு உட்கொண்டால் ஆபத்து என்ற ஆராய்ச்சியிலிருந்து வந்ததல்ல. பிறகு அதைச் சட்டங்கள் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 டிஎச்சி (டிஎச்சியின் முதன்மை வடிவம்) 0.3 சதவீதத்தைத் தாண்டாத செடி ஹெம்ப், அது போதைப்பொருள் பட்டியலில் இல்லை என்று சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 0.2-லிருந்து 0.3-க்கு 2023-ல் வந்தது, அதுவும் பயிருக்குத்தான், உழவருக்கு மானியம் கிடைக்குமா என்பதற்கான கணக்கு. வயலில் நிற்கும் செடிக்குப் போட்ட அளவை அடைத்த பாட்டிலுக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 மில்லி பாட்டிலில் சுமார் 28 கிராம் எண்ணெய் இருக்கும். அதில் 0.3 சதவீதம் என்றால் 84 மில்லிகிராம் டிஎச்சி. கனடாவில் கஞ்சாக் கடையில் சட்டப்படி விற்கும், போதைக்காகவே வாங்கும் தின்பண்டத்தில், ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிதான் அனுமதி. "0.3-க்குக் கீழ், கவலையே வேண்டாம்" என்று உங்களிடம் சொன்ன பாட்டிலில் அதைவிட எட்டு மடங்கு இருக்க இடமிருக்கிறது, அறிக்கையும் பொய் சொல்லியிருக்காது! பிரிட்டனில் விலக்குப் பெற வேண்டுமானால் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாக 1 மில்லிகிராம் மேல் இருக்கக் கூடாது, அங்கே சதவீதம் என்பது பயிரிடும் உரிமத்துக்கு மட்டும்தான். ஜப்பானில் 2024 டிசம்பர் 12 முதல் எண்ணெய்க்கு வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு, உங்கள் பாட்டிலுக்கு 0.28 மில்லிகிராம். பானங்களுக்கு அதையும்விட நூறில் ஒரு பங்கு.

அமெரிக்காவே இப்போது தன் 0.3 விதியை இறுக்கிக்கொண்டிருக்கிறது, இது உங்கள் மொத்த வியாபாரி சொல்ல மறந்த விஷயமாக இருக்கலாம். 2018 சட்டம் டெல்டா-9 என்று ஒரே ஒரு மூலக்கூறின் பெயரைச் சொன்னதும், வேதியியல் தெரிந்தவர்கள் சிபிடியை அமிலத்தில் போட்டு டெல்டா-8 என்ற போதை தரும் உறவுக்காரனைத் தயாரித்தார்கள், சூடுபடுத்தினால் டிஎச்சியாக மாறும் டிஎச்சிஏ நிறைந்த பூவை ஹெம்ப் என்று விற்றார்கள். எரிவாயு நிலையக் கடைகளில் மிட்டாயாகத் தொங்கும் அளவுக்குப் போனது. 2025 நவம்பர் 12-ல் கையெழுத்தான செலவினச் சட்டத்துக்குள் இதற்கு ஒரு பூட்டை வைத்தார்கள்: இனி எல்லா வகை டிஎச்சியும் சேர்த்துக் கணக்கு, இறுதிப் பொருளுக்கு ஒரு பெட்டிக்கு 0.4 மில்லிகிராம் உச்சவரம்பு, ஆலையில் மாற்றித் தயாரித்தவை வெளியே. ஓராண்டு அவகாசம், அதாவது 2026 நவம்பர். செடியின் எல்லாச் சேர்மங்களும் இருக்கும்படி எடுத்த "முழு நிறமாலை" எண்ணெய்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்காது. இப்படி ஒரு கெடு நெருங்கும்போது, விற்றுத் தீராத சரக்கை வேறு நாட்டு ஆட்களிடம் தள்ளிவிடப் பார்ப்பது வியாபார உலகில் சகஜம். உங்கள் ஆள் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஏன் அடுத்த வாரமே கையெழுத்து வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மூன்று சரக்கையும் ஒரே பையில் போட்டுப் பேசுவதுதான் அடுத்த சிக்கல். சட்டத்தின் பார்வையில் அவை மூன்று தனித்தனிப் பிராணிகள்.

விதை எண்ணெய்தான் மூன்றில் சாது. விதைக்குள் இயல்பாகவே சிபிடியும் கிடையாது, டிஎச்சியும் கிடையாது. அறுவடையில் பூவின் பிசின் ஒட்டிக்கொண்டு வரும் தூசு அளவுதான். அதனால் பல நாடுகள் இதை உணவாகவே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2017 நவம்பரில், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எப்டிஏ 2018 டிசம்பரில், இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல். அதற்கும் எண்கள் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். இந்திய விதிப்படி விதை எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிதான், சிபிடியும் 75 மில்லிகிராமுக்குள். அதாவது விதை எண்ணெய் என்ற பெயரில் சிபிடி எண்ணெயை நுழைக்க முடியாதபடி கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறான தில்லுமுல்லும் உண்டு. சாதாரண விதை எண்ணெயை, சிபிடி இருப்பதுபோல் தோன்றும் அட்டையோடு நாலு மடங்கு விலைக்கு விற்பார்கள். அது போதைப்பொருள் வழக்காகாது, நுகர்வோர் மோசடி வழக்காகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாய்வழி உட்கொள்ளும் சிபிடி எண்ணெய் என்பது வேறு கதை. போதைப்பொருள் சட்டத்திலிருந்து தப்பித்தாலும் உணவுச் சட்டமும் மருந்துச் சட்டமும் வாசலில் காத்திருக்கும். பலர் முதல் வாசலைத் தாண்டியதும் ஜெயித்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்காக எப்டிஏ 2018 ஜூனில் அங்கீகரித்தது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: ஒரு பொருள் முதலில் மருந்தாக ஆராய்ச்சிக்கோ அங்கீகாரத்துக்கோ வந்துவிட்டால் பிறகு அதை உணவிலோ ஊட்டச்சத்து மாத்திரையிலோ சேர்த்து விற்க முடியாது. ஆக, அங்கே செடி சட்டப்பூர்வம், அதிலிருந்து எடுத்த சிபிடியை உணவாக விற்பது எப்டிஏ பார்வையில் சட்டவிரோதம், ஆனாலும் ஆயிரக்கணக்கான கடைகளில் கிடைக்கிறது. தினமும் விற்கிறார்கள், யாரும் பிடிக்கவில்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எப்டிஏ தன்னிடம் இருக்கும் உணவு விதிகள் சிபிடிக்குப் பொருந்தாது, நாடாளுமன்றம்தான் புது வழி காண வேண்டும் என்று 2023 ஜனவரியில் கையை விரித்துவிட்டது.

ஐரோப்பாவில் நடந்தது சுவாரஸ்யமானது. செக் குடியரசில் முழுச் செடியிலிருந்து எடுத்த சிபிடியைப் பிரான்சில் புகையாவிக் கருவிக்கு விற்ற வழக்கில், 2020 நவம்பர் 19-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சிபிடி போதைப்பொருள் அல்ல, ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி தயாரானதை இன்னொன்று பொதுச் சுகாதாரக் காரணத்தை நிரூபிக்காமல் தடுக்க முடியாது என்றது. கனாவேப் வழக்கு என்பார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் வாயில் போடுவதென்றால் "புதுவகை உணவு" என்ற அனுமதி வேண்டும், அதற்கான பாதுகாப்புத் தரவுகள் போதவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் மதிப்பீட்டையே நிறுத்தி வைத்தது. பிரிட்டன் தன் பங்குக்கு 2023 அக்டோபரில், நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் என்றிருந்த ஆலோசனையை 10 மில்லிகிராமாகக் குறைத்தது, கல்லீரல் பற்றிய கவலை ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் 2021 பிப்ரவரியிலிருந்து ஒரு நாளுக்கு 150 மில்லிகிராம் வரையிலான சிபிடியை மருத்துவர் சீட்டில்லாமலே மருந்தாளுநர் தரலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அந்தத் தயாரிப்பு முதலில் மருந்தாகப் பதிவாகியிருக்க வேண்டும். இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கஞ்சா விளக்கத்துக்குள் நுனியோடு சேராத இலை வராது, அந்த இடைவெளியில்தான் இலைச்சாற்றில் செய்த ஆயுர்வேதத் தயாரிப்புகள் ஆயுஷ் (பாரம்பரிய மருத்துவத் துறை) உரிமத்தோடு வருகின்றன. அவை மருத்துவ மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அந்த உரிமம் தயாரிப்பவருக்கு உரியது, வெளிநாட்டிலிருந்து பாட்டில் வரவழைத்து விற்பவர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது.

களிம்பு. இது லேசானது என்று நினைத்திருப்பீர்கள், அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கடிதத்திலேயே "வலி நிவாரணக் களிம்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "வலி நிவாரணம்" என்ற சொல் ஒன்றே அழகுசாதனப் பொருளை மருந்தாக மாற்றிவிடும். பொருளின் உட்பொருள் மாறவில்லை, நீங்கள் சொன்னது மாறியது. கிட்டத்தட்ட எல்லா நாட்டு மருந்துச் சட்டமும் இப்படித்தான் வேலை செய்கிறது: நோயைக் குணப்படுத்தும், தடுக்கும், வலியைப் போக்கும் என்று சொல்லி விற்றால் அது மருந்து, மருந்தென்றால் பதிவு வேண்டும். சிபிடி கம்பெனிகளுக்கு எப்டிஏ அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களைப் படித்துப் பாருங்கள். புற்றுநோய், மறதிநோய், வலி என்று இணையதளத்திலும் சமூக ஊடகத்திலும் எழுதிய வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, இதனால் இது அங்கீகாரமில்லாத மருந்து என்பார்கள். நீங்கள் எழுதாமல் விட்டாலும் "என் முழங்கால் சரியாகிவிட்டது" என்று வாடிக்கையாளர் போட்ட பதிவை உங்கள் பக்கத்தில் பகிர்ந்தால் அது உங்கள் வாக்குமூலம்தான்.

இப்போது அந்த ஆய்வக அறிக்கை. நீங்கள் அதை ரொம்ப நம்புகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்தார்கள். அட்டையில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனவை ஏறத்தாழ 31 சதவீதம்தான். 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. ஆகவே அறிக்கையை வாங்கியதும் முதலில் பாட்டிலில் அச்சான தொகுதி எண்ணும் அறிக்கையில் இருக்கும் தொகுதி எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பல அறிக்கைகள் இங்கேயே விழுந்துவிடும், ஒரு நல்ல தொகுதிக்கு எடுத்த அறிக்கையையே வருடக்கணக்கில் சுற்றில் விடுவார்கள். ஆய்வகம் ஐஎஸ்ஓ 17025 தரச்சான்று பெற்றதா, அறிக்கையை நேரடியாக ஆய்வகத்திடம் சரிபார்க்க முடியுமா என்பது அடுத்தது. பிறகு "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்திலேயே கண்டறியும் எல்லை என்று ஓர் எண் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த எல்லை 0.01 சதவீதம் என்றால் உங்கள் பாட்டிலில் 2.8 மில்லிகிராம் வரை டிஎச்சி இருந்தாலும் "கண்டறியப்படவில்லை" என்றே வரும். பிரிட்டனின் 1 மில்லிகிராம், ஜப்பானின் 0.28 இரண்டையும் அது தாண்டிவிட்டது, அறிக்கையோ சுத்தமாக இருக்கிறது. மொத்த டிஎச்சி என்று தனியாகக் கணக்கிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்: டிஎச்சிஏ அளவை 0.877-ஆல் பெருக்கி டிஎச்சியோடு கூட்ட வேண்டும். டிஎச்சிஏ சூடாகி டிஎச்சி ஆகும்போது கரியமில வாயுவாகக் கொஞ்சம் எடை போய்விடும், அதற்கான கழிவுதான் அந்த எண். டெல்டா-9 மட்டும் காட்டியிருந்தால் அந்த அறிக்கை பாதிதான்.

அறிக்கை சரியாகவே இருந்தாலும், சரக்கு பிடிபட்டால் நீதிமன்றத்தில் பேசப்போவது அரசு ஆய்வகத்தின் அறிக்கைதான். உங்கள் தாள் அங்கே ஒரு சாட்சியம் மட்டுமே. பொதுவாகக் குற்ற வழக்கில் அரசுத் தரப்புதான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். போதைப்பொருள் சட்டங்களில் அந்தச் சுகம் குறைவு. இந்தியச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது, இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீங்கள்தான் காட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியம்: கலவையில் போதைப்பொருளின் பங்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அளவைத் தீர்மானிக்கும்போது கலவையின் முழு எடையும் கணக்கு. சில மில்லிகிராமுக்காக ஒரு பெட்டி நிறைய எண்ணெயையும் எடை போடும் வாதம் இதிலிருந்து வரலாம். மற்ற நாடுகளிலும் இதே அளவுக்கு இல்லாவிட்டாலும் வைத்திருந்தவருக்குப் பாதகமான ஊகங்கள் உண்டு. "மொத்த வியாபாரி சொன்னார்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், வழக்கே வராமல் தடுக்காது.

வெளிநாட்டுக்குப் பார்சல் என்ற நண்பரின் கணக்கை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். உள்நாட்டில் விற்றால் ஒரு நாட்டுச் சட்டம்தான். பார்சல் அனுப்பினால் உங்கள் நாட்டில் ஏற்றுமதியாளர், அந்த நாட்டில் இறக்குமதிக்குக் காரணமானவர், வாங்கிய வாடிக்கையாளரும் மாட்டிக்கொள்வார், அவர் பெயரில் பார்சல் வருகிறதே! சுங்கப் படிவத்தில் "அழகுசாதனப் பொருள்" என்று பொதுவாக எழுதி அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது தவறுதலாகச் செய்த விதிமீறலை வேண்டுமென்றே செய்த பொய் அறிவிப்பாக மாற்றும் யோசனை. இன்னொரு நடைமுறைத் தொல்லை: பணம் வாங்கித் தரும் நிறுவனங்களும் விளம்பரத் தளங்களும் சட்டத்தைவிடக் கறாராக இருக்கும், சிபிடி என்று கண்டதும் கணக்கை முடக்கிப் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் கேட்க நாதி இருக்காது.

உங்கள் அக்காவுக்காக ஒன்று, இது சட்டமல்ல, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. டென்மார்க்கில் கைமூட்டுத் தேய்மானமும் சொரியாசிஸ் மூட்டுவலியும் உள்ளவர்களுக்கு 12 வாரம் சிபிடி கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. அவர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ, வலிப்புக்குக் குளோபசாமோ எடுப்பவராக இருந்தால் சிபிடி அவற்றின் அளவை உடலில் கூட்டிவிடும். மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். வேலையிடத்தில் போதைப்பொருள் பரிசோதனை உண்டு என்றால் அதுவும் கவலைதான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, சிபிடிதான் எடுத்தேன் என்பதைச் சோதனையில் டிஎச்சி வந்ததற்கு விளக்கமாக ஏற்க மாட்டோம் என்று 2020-லேயே சொல்லிவிட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்? வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. விதை எண்ணெயோடு மட்டும் தொடங்குங்கள், உங்கள் நாட்டில் அது உணவாக அனுமதிக்கப்பட்டிருந்தால். சிபிடி எண்ணெய்க்கும் களிம்புக்கும் உங்கள் நாட்டின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அலுவலகம், உணவு ஆணையம், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கடிதத்தில் "சிபிடி விற்கலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். செடியின் எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, பாட்டிலில் மொத்த டிஎச்சி எத்தனை மில்லிகிராம், வாயிலா தோலிலா, அட்டையில் என்ன வாசகம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். ஓர் அலுவலகம் சரி என்றதும் மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள், அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பதில் சொல்வதில்லை.

ஒப்பந்தத்தை அனுப்பினீர்கள் என்றால் நான் முதலில் தேடுவது சதவீதத்தைத்தான். "0.3 சதவீதத்துக்குக் கீழ்" என்ற வரியை அடித்துவிட்டு, ஒரு பாட்டிலுக்கு மொத்த டிஎச்சி இத்தனை மில்லிகிராமுக்கு மேல் போகாது என்று எழுதச் சொல்லுங்கள், அந்த எண் உங்கள் நாட்டுச் சட்டத்திலிருந்து வர வேண்டும். சரக்கு கப்பலேறும் முன் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை, தவறினால் சரக்கும் செலவும் அவருடையது. சட்டம் மாறினால் விற்காத சரக்கை அவரே திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும், அமெரிக்காவில் நடந்திருப்பதைப் பார்த்தபின் இந்த வரி இல்லாமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. நஷ்டஈடு தருவதாக அவர் எழுதித் தரலாம், வாங்கி வையுங்கள், ஆனால் அது பணத்துக்கு மட்டும்தான், உங்களுக்குப் பதிலாக அவர் சிறைக்குப் போக மாட்டார். இந்தத் திருத்தங்களைக் கேட்டதும் "எல்லோரும் இப்படியேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்று பதில் வந்தால், அந்த எல்லோரிலும் இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். அடுத்த வாரம் என்ற கெடு அவர் வைத்தது. மூன்று அலுவலகங்களிலிருந்தும் பதில் வரும்வரை தள்ளிப் போடுங்கள்.